வரைபில் ஒன்பது பள்ளங்கள்

இன்று காலை ஆய்வுகூட அலுமாரியைத் திறந்து, அலையை வாங்கி அளக்கும் ரிசீவரை எடுத்தேன். நீ சுற்றி வைத்த பச்சைத் துணி அப்படியே இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், இன்னும் சாம்பிராணி மணக்கிறது. தில்லையடியில் உங்கள் வீட்டு நடுவாசலில் தொங்கிய திரை இது. இதைக் கழற்றச் சொல்லி உன்னோடு மல்லுக்கட்டியவன் நான்தான்.

வேக இன்டர்நெட்டைச் சுமக்கும் மில்லிமீற்றர் அலை வீட்டுக்குள் எப்படிப் போகிறது என்று அளக்கப் புறப்பட்டோம். கண்மூடித் திறப்பதற்குள் முழுப் படத்தையே கொண்டுவந்து இறக்கிவிடுகிற அலை, ஒரு சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். ஆள் குறுக்கே நின்றாலும் கதை முடிந்தது. "புத்தகத்துல இருக்கிறதெல்லாம் வேற ஊர் வீடு மச்சான். நம்மட வீட்ட யாரும் அளக்கல்லியே" என்றாய். அதற்காகவே சனிக்கிழமைகளில் கற்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தேன். முன் ஹோலில் ஸ்டூலின் மேல் அனுப்பும் பெட்டி. திரைக்கு அப்பால், உள்ளறையில் உன் உம்மாவின் தையல் மெஷின்மேல் ரிசீவர். நாம் இருவரும் லப்டொப்பின் முன்னால் கதிரை போட்டு இருந்தோம். "அளந்து முடியிற வரைக்கும் அறைக்குள்ள வராதீங்க உம்மா" என்று குசினி அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டாய்.

லப்டொப் வரைபில் அலையின் வலுவைக் காட்டும் கோடு நேராகத்தான் போனது. திடீரென்று ஒரு பள்ளம். சற்று நேரத்தில் இன்னொன்று. நான் திரையைச் சந்தேகப்பட்டேன். கடற்காற்றின் ஈரம் துணியில் ஊறியிருக்கும் என்றேன். திரையை மாற்றினோம். ஃபேனை நிறுத்தினோம். பள்ளம் நிற்கவில்லை. நீ தனியே அளந்த நாட்களில் மட்டும் கோடு நூல் பிடித்தாற்போல் இருந்தது. "நீ வந்தாத்தான் விழுகுது. மேசைக்குக் காலால உதைக்கிறியா?" என்று கேட்டாய். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். காரணம் தெரியாத பள்ளங்களோடு கொடுத்தால் முழு வேலையையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். என் பிரதியில் அதுவரை விழுந்த எட்டுப் பள்ளங்களையும் அழித்துக் கோட்டை நேராக்கினேன். நீ பார்த்துவிட்டாய். சத்தம் போடவில்லை. "விழுந்த இடத்த அழிக்காத. ஏன் விழுந்திச்செண்டு கேளு" என்றாய். அன்று எனக்கு அது வீண் பிடிவாதமாகத்தான் பட்டது.

பிறகு என் தேநீர்க் கோப்பையையே வெறித்துப் பார்த்தாய். "உன்ட கோப்பை காலியானா உம்மா ஒவ்வொரு முறையும் தேத்தண்ணி எடுக்க என்னைக் கூப்பிடுறாவே. அவவுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். பதிலுக்குக் காத்திராமல் குசினி வழியாகச் சுற்றி உள்ளே போனாய். லப்டொப்பில் கோடு சரிந்தது. அப்படியே கிடந்தது. "விழுந்திட்டுடா!" என்று கத்தினேன். திரைக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது: "ஓம், இங்க நிண்டா உன்ட கோப்பை நல்லா விளங்குது!"

அந்நிய ஆணின் முன்னால் வராமலே விருந்தாளியைக் கவனிக்க உம்மா நின்ற இடம் அது. நாம் இருவருமே அந்த வழக்கம் அறிந்தவர்கள். என்றாலும் நம் கணக்கில் அவரைச் சேர்க்கவே இல்லை. "நான் அறைக்குள்ள எங்க வந்தேன்? வாசல்லதானே நிண்டேன்" என்று அவர் உள்ளிருந்து சொன்னதும், நாம் வயிறு வலிக்கச் சிரித்ததும் நினைவிருக்கிறதா? அறிக்கையில் ஒன்பது பள்ளங்களையும் அப்படியே சேர்த்தோம். எல்லோரும் கேள்வி கேட்டதும் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

அடுத்த வருடம் ஒரு காய்ச்சல் உன்னை ஐந்தே நாளில் கொண்டுபோய்விட்டது. எனக்கு உன்மேல் இன்னும் கோபம் ஆறவில்லை.

நாற்பதாம் நாள் கழிந்தபின் உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் தம்பிதான் ஹோலில் இருத்தினான். உம்மா முதன்முறையாகத் திரைக்கு இந்தப் பக்கம் வந்து, முக்காட்டை இழுத்துவிட்டபடி கதிரையில் இருந்தார். "அந்த வரைபு வச்சிருக்கீங்களா மகன்?" என்று கேட்டார். லப்டொப்பைத் திறந்தேன்.

"இந்தச் சின்னது எட்டும் நீங்க, உம்மா."

"என்ட புள்ள எது?"

கடைசிப் பள்ளத்தைக் காட்டினேன். அவர் அதன்மேல் விரலை வைத்தார். எவ்வளவு நேரம் நின்றான் என்று கேட்டார். நாற்பது செக்கன் என்றேன்.

"நாப்பது செக்கன் அவன் ஓரிடத்துல நிண்டதே இல்ல மகன்," என்றார். விரலை எடுக்கவில்லை. "இத அழிச்சிராதீங்க."

தலையாட்டினேன். ஒருமுறை அவருடைய எட்டையும் அழித்தவன் நான் என்று அவரிடம் சொல்லவில்லை. அது உனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று வேறொரு வீட்டை அளக்கப் போகிறேன். மெல்லிய துணி இந்த அலைக்குத் தடையில்லை என்று காட்டியவன் நீ. ஆகவே ரிசீவரை அந்தப் பச்சைத் துணியோடே கொண்டுபோகிறேன். தொடங்குமுன் அந்த வீட்டுக்காரரிடம் கேட்பேன், வாசலில் யார் நிற்பது வழக்கம் என்று.