சரிபார்த்தவர் டி. ஜே.

லிங்கராஜபுரம்
3 ஜூன் 2024

அன்புள்ள சந்திரசேகரன்,

விழித்திரை அறுவைக்குப் பிறகு பத்து நாள் குப்புறவே படுத்திருந்தேன். நேற்றுதான் எழுந்து உட்கார விட்டார்கள். வலக்கண் இன்னும் மங்கல்தான். நீங்கள் அனுப்பிய சாத்துக்குடியைத் தங்கை டோரீன் பிழிந்து கொடுத்தாள், நன்றி. போனை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஒரே சர்க்யூட் போர்டில் தாமிரக் கேபிளுக்கும் ஒளியிழைக் கேபிளுக்கும் கஸ்டமர் இடம் கேட்டார்களே, அந்த வேலை எந்த அளவில் இருக்கிறது? நீங்கள் வரைந்ததை நான் சரிபார்க்காமல் தயாரிப்புக்கு அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
டோரதி ஜேம்ஸ்

அடுகோடி
6 ஜூன்

மதிப்புக்குரிய டோரதி மேடம்,

போனை எடுக்காததற்குக் காரணம் பயம்தான். நீங்கள் எழுதுவதற்கு முன்பே வரைபடத்தைத் தயாரிப்புக்கு அனுப்பிவிட்டேன். நாற்பது போர்டு தயாராகி வந்தும்விட்டன. கஸ்டமர் தரப்பில் ரக்ஷா தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். "டோரதி மேடம் பாத்துட்டாங்கல்ல சார்? அப்ப ஓகே, அனுப்பிடுங்க" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

ஒளியிழைக் கேபிளைச் செருகினால் ஓடுகிறது. தாமிரத்தில் பிழை மேல் பிழை. ஒரு போர்டை இத்துடன் அனுப்புகிறேன். முடிந்தபோது பாருங்கள்.

தங்கள்,
சந்திரசேகரன்

லிங்கராஜபுரம்
8 ஜூன்

சந்திரசேகரன்,

இடக்கண்ணும் லென்ஸும் போதுமாயிருந்தன. சிப்பிலிருந்து வரும் தடத்தைத் தாமிர சாக்கெட்டில் தொட்டு, அப்படியே ஒளியிழை சாக்கெட் வரை நீட்டியிருக்கிறீர்கள். தாமிரத்தில் ஓட்டும்போது மீதித் தடம் எதிலும் சேராமல் தொங்குகிறது. சிக்னல் அந்த முட்டுச்சந்துக்குப் போய்த் திரும்பி, பின்னால் வருவதைக் கெடுக்கிறது. தடம் பிரியும் இடத்திலேயே, கேபிளுக்கு ஒன்றாக இரண்டு கெபாசிட்டருக்கு இடம் விட்டு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு பேட், அதாவது சால்டர் செய்யும் தாமிரத் திட்டு, வையுங்கள். எந்தக் கேபிளோ அந்தப் பக்கத்துக் கெபாசிட்டரை மட்டும் சால்டர் செய்தால் போதும். மற்ற தடம் சிக்னலைத் தொடாமல் தனியே நின்றுவிடும். படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

பிழை யாருக்கும் வரும். ஆனால் போர்டின் மூலையில் தாமிரத்தில் டி. ஜே. என்று என் பெயரின் முதலெழுத்து இருக்கிறதே. சரிபார்த்தவரின் முதலெழுத்தைப் போர்டிலேயே பதிக்கும் வழக்கம் என் கணவர் கொண்டுவந்தது. அவர் வரைந்ததிலும்கூட, நான் பார்க்காமல் அந்த எழுத்து ஏறியதில்லை. நான் குப்புறக் கிடந்தபோது அதை வைத்தது யார்? ரக்ஷாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

டோரதி ஜேம்ஸ்

அடுகோடி
12 ஜூன்

மேடம்,

சொல்லிவிட்டேன். "மேடம் இந்த போர்டப் பாக்கவே இல்லம்மா, எழுத்து நான் வெச்சது" என்றேன். ரக்ஷா சத்தம் போடவில்லை. "அப்ப இதுக்கு முன்னாடி குடுத்ததெல்லாம் சார்?" என்று மட்டும் கேட்டார். அவையெல்லாம் நீங்கள் பார்த்தவை என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

சந்திரசேகரன்

லிங்கராஜபுரம்
14 ஜூன்

திரு. சந்திரசேகரன் அவர்களுக்கு,

ரக்ஷா கேட்டது சரியான கேள்வி. வாய்ச்சொல் இனி அவருக்குப் பதிலாகாது, என்னுடையதும் சேர்த்துத்தான். ரக்ஷாவின் கம்பெனிக்கு இதற்கு முன் செய்த போர்டு வகைகள் பதினொன்று. ஒவ்வொரு வகையிலும் ஒரு போர்டை, வரைபடத்தோடு அனுப்புங்கள். மறுபடி பார்த்து, கையெழுத்திட்டு, நேராக அவருக்கே அனுப்புகிறேன்.

ஒரு நாளைக்கு ஒரு போர்டுக்கு மேல் கண் தாங்காது. அவசரப்படுத்த வேண்டாம்.

டோரதி ஜேம்ஸ்