எண்ணாத மூட்டைகள்

பிப்ரவரி 3

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

நலம். உன் முதுகுவலி எப்படி? நீ தலைநகர் போய் ஆறு வருடம் ஆகிறது. உன் ஜன்னலோர நாற்காலியில் இன்னும் யாரையும் உட்காரவிடவில்லை. மாடியறையில் நாம் தணிக்கை அலுவலகம் தொடங்கிய நாட்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "நீ பார்த்தா நான் பார்த்த மாதிரிதாண்டி" என்று சொல்லி என் பக்கத்துக்கும் நீயே டிக் போடுவாய்.

விஷயத்துக்கு வருகிறேன். தணிக்கையாளர்களையே சோதிக்கும் உங்கள் புதிய வாரியம் நான் தணிக்கை செய்த மாவு ஆலையின் கோப்பைக் கேட்டிருக்கிறது. சரக்கு எண்ணும் நாளில் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். கிடங்குக்குப் போகவில்லை. ஆலைக் கணக்கர் போனில் சொன்ன மூட்டைக் கணக்கை எழுதி, "நேரில் எண்ணினேன்" என்று டிக் போட்டுவிட்டேன். அந்தக் கோப்பை மட்டும் விட்டுவிடச் சொல்லேன். என் உரிமம் உன் கையில்.

உன் உருண்டை

பிப்ரவரி 11

அன்புள்ள உருண்டைக்கு,

அவர் தேறிவிட்டாரா? தாள் பறக்காமலிருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு இருவரும் வியர்த்து வழிந்தோமே, அதை நினைத்து அழுதேன். அந்த நாட்களைப் போல் நான் எங்கும் சிரித்ததில்லை.

ஆனால் கோப்பை விடச் சொல்ல முடியாது. காலி மூட்டைகளை நம்பிப் பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்ததால்தான் இந்த வாரியமே வந்தது. கிடங்குக்குப் போகவில்லை என்று நீயே முந்திக்கொண்டு வாரியத்துக்கு எழுதிக் கொடு. உரிமம் தப்பலாம்.

ஒட்டடை

பிப்ரவரி 19

அதிகாரி அம்மாளுக்கு,

அறிவுரைக்கு நன்றி. உன் அப்பா இறந்த வாரம் நூல் ஆலையில் நீ எண்ண வேண்டியதை யார் எண்ணியது? யாருமில்லை. உன் பெயருக்கு நேரே நான்தான் டிக் போட்டேன். திரும்பி வந்து பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை. நானும் அன்று சட்டம் பேசவில்லை.

இனி எழுத மாட்டேன்.

மார்ச் 2

உருண்டை,

நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன். நீ கேட்டது நியாயம். நூல் ஆலைக்கு நான் போகவில்லை என்று நேற்று வாரியத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். "அப்ப டிக் போட்டது யாருங்க?" என்றார். "பேர் என்னோடது. தெரிஞ்சே விட்டுவச்சதும் நான்தான். அதுக்கு மேல கேக்காதீங்க" என்றேன்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். வருத்தம்தான், ஆனால் நன்றாகத் தூங்கினேன். உன் கோப்பை வேறொருவர் திங்கட்கிழமை எடுக்கிறார். அதற்குள் உன் கடிதம் வந்துவிட வேண்டும்.

எனக்கில்லை. வாரியத்துக்கு.

உன் ஒட்டடை