ஷைலஜா பெட்டியைப் பிரித்துவிட்டாள்

சாலை,
திருவனந்தபுரம்,
18.8.1998

அன்புள்ள மகன் உமாசங்கருக்கு அம்மா எழுதுகேன். பழவங்காடிப் பிள்ளையார் புண்ணியத்திலே நானும் உங்கப்பாவும் சுகம், நீயும் ஷார்ஜாவிலே தேகசுகத்தோட இருக்கணும்னு தினமும் கும்பிடுகேன். உன் பெஞ்சாதி ஷைலஜாவும் சுகம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரலை.

ஓணம் வரப்போகுதுல்லா, கடையிலே நல்ல கூட்டம். உங்கப்பாவுக்கு முட்டுவலி, டாக்டர் சொல்லியும் கேக்காம அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே நிக்காங்க. அதெல்லாம் கிடக்கட்டும். போன வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணப்போ, ஃபைல் நகந்தாச்சு, அடுத்த மாசம் ஷைலஜாவுக்கு ரெசிடென்ஸ் விசா உறப்பு, கட்டாயம் வந்துரும்னு அப்பாகிட்டே சொன்னியாமே. கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு மக்கா. கல்யாணம் முடிஞ்சு நீ விமானம் ஏறின மறுமாசமும் இதைத்தான் சொன்னே. போன ஓணத்துக்கு முன்னாலே, எல்லாம் ரெடி, டிக்கெட் மட்டும்தான் பாக்கின்னு நீ சொன்னதை நம்பித்தானே அவ ஸ்கூல் வேலையை ராஜிவச்சா. நாகர்கோயில் சொந்தம் முச்சூடும் கூப்பிட்டு விருந்து போட்டோம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சோம், உங்கப்பா கடைத் தராசிலே அவ பயணப் பெட்டியை ஏத்தி நிறுத்துப் பாத்து, எடை கூடுதல்னு நான் வச்ச புட்டுக்குடத்தை வெளியே எடுத்தாங்க. அவளும் தெருவிலே வீடு வீடா ஏறி, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டா. அப்படிச் சொன்னவ போகாம அதே தெருவிலே நடக்கது எவ்வளவு நாணக்கேடுன்னு உனக்குத் தெரியுமாலே? எதிர்வீட்டு ரத்னாபாய் அவளைப் பாக்கும்போதெல்லாம், போயில்லே மோளே, இன்னும் போகலியான்னு கேக்கா. பாவம், அவ வாஞ்சையிலேதான் கேக்கா, எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும். காய் வாங்கப் போகணும்னாலும் ஷைலஜா பின்வாசல் சந்து வழியாத்தான் போனா. பெட்டியிலே உனக்குன்னு வச்ச ஏத்தங்காய் உப்பேரி காறிப்போகும், கொட்டிட்டு மறுபடியும் வறுத்து வைப்பா. ஒரு தடவை கூட முகம் சுளிக்கலை.

நேத்து உன் ரூமிலே தங்குற பிபின் வந்தான், லீவிலே வந்திருக்கான். நீ கொடுத்துவிட்ட சோப்பும் செண்டும் பத்திரமாத் தந்தான், நல்ல பிள்ளை, அவன் மேலே பாயாதே. காப்பி குடிச்சுக்கிட்டே சொல்லுகான், பாவம் உமாசங்கர், கணக்கு வேலை பாத்தாலும் கம்பெனி அவனை ஹெல்பர் விசாவிலேதான் எடுத்திருக்கு, ஹெல்பருக்குக் குடும்ப விசா கிடையாது, அதை மாத்தித் தாங்கன்னு முதலாளிகிட்டே கிடந்து கெஞ்சுகான், ஒண்ணும் நடக்கலைன்னு. எங்களுக்கெல்லாம் தெரியும்னு நினைச்சுத்தான் சொன்னான். அப்போ ஷைலஜாவுக்கு மனுவே போடலை இல்லியா? நகந்த ஃபைல் எது? முறுக்குத் தட்டோட அவ அங்கேயேதான் நின்னா, எல்லாத்தையும் கேட்டுட்டா.

அழுவான்னு பாத்தேன், அழலை. பிபின் படி இறங்கினதும் பெட்டியை நடுவீட்டிலே இழுத்துப் போட்டுப் பிரிச்சா. சேலையெல்லாம் பீரோவுக்குப் போச்சு. உனக்குன்னு கட்டி வச்ச நார்த்தங்காய் ஊறுகாயைத் திறந்து மத்தியானச் சோத்துக்கு எங்களுக்கே விளம்பினா. இன்னைக்குக் காலையிலே பழைய ஸ்கூலுக்குப் போய்க் கேட்டிருக்கா. அவ இடத்திலே வேற ஆளு வந்தாச்சாம், எல்.கே.ஜி.யிலே ஒரு லீவு வேகன்சி உண்டுன்னாங்களாம், திங்கக்கிழமை சேருகா. போகும்போது முன்வாசல் வழியாத்தான் இறங்கினா. ரத்னாபாய் வழக்கம்போலக் கேட்டா. போகலைக்கா, எனக்கு விசா இல்லைன்னு இவ நின்னு பதில் சொல்லிட்டுப் போனா.

ஏலே, ஹெல்பர்னா என்னலே குறைச்சல்? உங்கப்பா இந்தச் சாலைக் கடைத்தெருவிலே மூட்டை இறக்கிட்டுத்தானே கடை வச்சாங்க. கம்பெனிக்காரன் உன்னை வஞ்சிச்சான், அது உன் குத்தம் இல்லை, நாங்க ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். கட்டினவகிட்டே மறைச்சியே, அதுதான் எனக்கு ஆறலை. தெரிஞ்சிருந்தா அவ வேலையை விட்டிருப்பாளா? நீ அங்கே நாணப்பட்டதுக்கு அவளா இங்கே சந்து வழியா நடக்கணும்? பெத்த பிள்ளைக்கு இப்படி எழுத வேண்டிவந்துச்சேன்னு எனக்கு வெப்ராளமா வருது.

வெயில்லே அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. எங்க ஆசீர்வாதம் எப்பவும் உனக்கு உண்டு, கோபத்திலேயும் உண்டு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. இனி விசா சங்கதியை என்கிட்டேயோ அப்பாகிட்டேயோ சொல்லாண்டாம், அவகிட்டே சொல்லு, உள்ளதை உள்ளபடி சொல்லு. வாற வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணினா நான் எடுக்கமாட்டேன், அப்பாவையும் எடுக்க விடமாட்டேன். அவ எடுத்தா பேசு. எடுக்கலைன்னா மணி அடிச்சுக்கிட்டே கிடக்கட்டும், காத்துக் கிடக்கது எப்படி இருக்கும்னு நீயும் கொஞ்சம் பாரு.

பிள்ளையார் துணை.

உன் அம்மா,
சி. உலகம்மை