உன் அறைக்கு நான் விருந்தாளி

அக்கா,

இன்று காலை உன் அறை ஜன்னலில் புது வெட்டிவேர்த் தட்டி கட்டினார்கள். முதல் வாளித் தண்ணீர் அதில் பட்டதும் வராந்தா முழுக்க அந்த வாசனை. நான் கையில் துடைப்பத்துடன் நின்றுவிட்டேன். நீ போன பிறகு வந்திருக்கும் முதல் கோடை இது. உள்ளே, உன் கட்டிலில், போன மாதம் சேர்ந்த வேறொரு பெண் படுத்திருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. இவளுக்கும் கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. உன்னிடம் மறைத்து என்ன செய்யப்போகிறேன்? பொறாமைதான். முன்பு உன் மேல் இருந்தது. இப்போது அவள் மேல்.

நம் கரோல்பாக் வீட்டில் வெட்டிவேர்த் தட்டி ஏது? மாடியில் இரண்டாவது தளம், ஒரே அறை, தகரக் கூரை போட்ட சமையலிடம். மே மாதத்தில் ஈரத்துண்டை உன் மார்பில் போட்டு, பழைய காலண்டர் அட்டையால் நான் விசிறுவேன். அம்மா இறந்துபோன வருஷம் நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஆபீசுக்குப் போனால் உன்னோடு இருக்க ஆள் வேண்டும். புசா ரோடு பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்தினேன். யாரும் என்னை அடித்து நிறுத்தவில்லை. ஒரு திங்கட்கிழமை கிளம்பவில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் கூட நான் வாய் திறக்காத பெண். டீச்சர் கேட்டால் விடை தெரிந்தாலும் மேஜையைப் பார்ப்பேன். உன்னோடு இருந்தபோதுதான் நான் பேசினேன். பிறந்தபோதே உன் கைகாலைப் பிடித்துக்கொண்ட நோய் உன் நாக்கையும் விடவில்லை. ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்து வரும். வெளியார் காதுக்கு அது வெறும் சத்தம். அப்பாவுக்குப் பாதி புரியும். எனக்கு எல்லாம் புரியும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்தால், "க்யா கஹ் ரஹீ ஹை?" என்ன சொல்கிறாள் என்று என்னைத்தான் கேட்பாள். நீ சொன்னதை நான் எடுத்துச் சொல்வேன். பள்ளிக்கூடம் இல்லாத எனக்கு அது ஒரு பதவி மாதிரி இருந்தது.

அப்புறம்தான் ராஜேந்திர நகரில் இந்த வீடு வந்தது. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பஞ்சாபி அம்மாள் தன் சொந்த வீட்டின் கீழ்த்தளத்தை உன்னைப் போன்ற ஐந்தாறு பேர் வசிப்பதற்காக மாற்றினார். எல்லோருக்கும் அவர் பெஹன்ஜி. அப்பா ஆபீசில் யாரோ சொல்லி, மூன்று மாதம் இருந்து பார்க்கட்டும் என்று உன்னைச் சேர்த்தோம். அப்பா உன்னை முதுகில் சுமந்து மாடிப்படி இறங்கினார். நான் பின்னால் உன் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அன்று இந்த வீட்டைப் பார்த்தது நினைவிருக்கிறது. வாசற்படிகளை எல்லாம் பெயர்த்துவிட்டு சிமெண்ட் சரிவு போட்டிருந்தார்கள். கட்டில்களின் காலை அறுத்து சக்கர நாற்காலியின் உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சுவிட்சுகள் உன் கை எட்டும் இடத்தில். குளிக்கும் அறையில் பிடித்துக்கொள்ள சுவரோடு இரும்புக் குழாய். உன்னிடம் பெஹன்ஜி கேட்டார், "சுவருக்கு என்ன கலர் வேணும் பேட்டா?" நீ பச்சை என்றாய். நான்தான் அதை எடுத்துச் சொன்னேன். சொல்லும்போதே நினைத்துக்கொண்டேன், என்னிடம் யாரும் என்ன கலர் என்று கேட்டதில்லை. எனக்குச் சுவரே இல்லை. நான் படுப்பது ட்ரங்குப் பெட்டிக்கும் அடுப்படிக்கும் நடுவில்.

முதல் ஞாயிறு டிபன் டப்பாவில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு வந்தேன். கதவு திறந்துதான் இருந்தது, நேராக உள்ளே வந்தேன். உன்னைப் பார்த்துக்கொள்ளும் கமலா, கட்வால் மலைக்காரி, சிரித்துக்கொண்டே என்னைத் தடுத்தாள். "தட்டிட்டு வா. அவங்க வரச் சொன்னாத்தான் உள்ள போகணும். இங்க அதுதான் ரூல்."

"நான் தங்கச்சி," என்றேன்.

"பெஹன்ஜியே தட்டிட்டுத்தான் வருவாங்க."

வெளியே போய், திறந்த கதவைத் தட்டினேன். நீ சிரித்த சிரிப்பு! உள்ளே வந்து வழக்கம்போல் சாதத்தைக் குழையப் பிசைந்து உன் வாயருகே கொண்டுபோனேன். நீ வாயை இறுக மூடிக்கொண்டாய். எனக்குப் புரியவில்லை. கமலா வந்து, பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றிய ஒரு ஸ்பூனை உன் விரல்களுக்குள் செருகினாள். நீ சாப்பிட ஆரம்பித்தாய். பாதி மடியில், கொஞ்சம் தரையில், மீதி வாயில். சாதம் காய்ந்துபோனது. ஒருவரும் உன்னை அவசரப்படுத்தவில்லை. நான் மட்டும் பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நீ ஏதோ சொன்னாய், கமலா விழுந்து விழுந்து சிரித்தாள். நீ சொன்னது ஹிந்தியில். கமலாவுக்கு எனக்கு முன்பே புரிந்துவிட்டது.

அந்த ஞாயிறு வீடு திரும்பும் வழி முழுக்க கமலாவைத் திட்டிக்கொண்டே நடந்தேன். வாய்க்குள்தான். "சிரிச்சே கெடுத்துடுவா, வேலையைப் பாக்காம." உன்னையும் திட்டினேன். இத்தனை வருஷம் நான் ஊட்டியது உனக்குப் பிடிக்காமலா இருந்தது? இருந்தால் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே, எனக்குத்தான் எல்லாம் புரியுமே.

மூன்று மாதம் முடிந்தபோது கும்பகோணத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். வந்த முதல் நாளே அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "தாயில்லாத பொண்ணக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளிட்டான்னு ஊர்ல கேக்குறாங்க. நான் என்னடா பதில் சொல்றது?"

"தள்ளல அக்கா. அவ நல்லாத்தான் இருக்கா."

"நல்லா இருக்கான்னு யாரு சொன்னா? அவளா வாயத் தொறந்து சொன்னா?"

அத்தை பேசப் பேச எனக்கு உள்ளுக்குள் இனித்தது. நீ திரும்பி வந்துவிடுவாய். மறுபடி எல்லோரும் என்னைக் கேட்பார்கள். உன் பாயைத் தட்டி வெயிலில் போட்டுவிட்டுத்தான் அவர்களோடு கிளம்பினேன்.

உன் பச்சைச் சுவருக்கு முன்னால் எல்லோரும் நின்றோம். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்பா உன் எதிரில் குந்தி உட்கார்ந்தார். "நீயே சொல்லும்மா. வீட்டுக்கு வரியா? இல்ல, இங்கயே இருக்கியா?"

"அவளக் கேட்டு என்னடா ஆகப்போகுது?" என்றாள் அத்தை.

பெஹன்ஜிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்திருக்கும். "ஜல்தி ஒண்ணும் இல்லை, அவ பேசட்டும்," என்றார் ஹிந்தியில்.

நீ ஹிந்தியில் "யஹீன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். இங்கேயே என்று கமலாவே அப்பாவுக்குச் சொல்லியிருப்பாள். உன் பக்கத்தில் கமலா தயாராக நின்றாள். நீ அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். தமிழில், கழுத்து நரம்பு புடைக்க, சொன்னாய். "இங்கயே. என் ரூம். நீ வந்தா நான் டீ தருவேன்."

"என்ன சொல்றா?" என்று அப்பா என் பக்கம் திரும்பினார்.

வேறு யாருக்கும் புரியவில்லை. அந்த அறையில் எனக்கு மட்டும். நான் என்ன சொன்னாலும் அதுதான் உன் பதில். வெயிலில் போட்ட பாய் ஞாபகம் வந்தது. உன் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. பயந்து பார்க்கவில்லை நீ. நான் சரியாகத்தான் சொல்வேன் என்று உனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் எனக்கு அதிகக் கோபம் வந்த இடம்.

"இங்கயே இருக்காளாம்," என்றேன். குரல் வெளியே வரவில்லை. அத்தை, "என்னடி முணுமுணுக்கறே?" என்றாள்.

"அக்கா இங்கதான் இருப்பா. இது அவ ரூம்."

என் வாயிலிருந்து அவ்வளவு சத்தமாக எதுவும் அதற்கு முன் வந்ததில்லை. டீ விஷயத்தை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. அது எனக்குச் சொன்னது.

சொன்னபடி டீ தந்தாய். குழாய் வைத்த எவர்சில்வர் பாத்திரத்தைக் கமலா தாழ்வான மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நீ கையை ஆட்டி ஆட்டிக் கொண்டுபோய்க் குழாயைத் திறப்பாய். பாதி க்ளாஸில், பாதி சாஸரில். நான் கை நீட்டினால் முறைப்பாய். வாழ்நாள் முழுக்க வாங்கிக் குடித்தவள் முதல்முறையாக ஒருத்திக்குக் கொடுக்கிறாய். அது எனக்கு அப்போது தெரியாமல் இல்லை. தெரிந்தும் எரிந்தது. நான் உன் விருந்தாளி. கமலாதான் வீட்டு மனுஷி.

தை மாதக் குளிரில் உனக்கு மார்புச் சளி கட்டியது. விடிந்ததும் ஆள் அனுப்பினார்கள். நாங்கள் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது; கமலா உன் தலையை மடியில் வைத்திருந்தாள். எங்களைவிட அவள்தான் அதிகமாக அழுதாள். அந்த அழுகையைக் கூட நான் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

பங்குனியில் பெஹன்ஜி அப்பாவைக் கூப்பிட்டு, சின்னவளைக் காலை நேரத்தில் அனுப்புகிறீர்களா, சம்பளம் தருகிறேன் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். சரி என்று நானே சொன்னேன். இப்போது தினமும் வருகிறேன். புதுப் பெண்ணின் கதவையும் தட்டிவிட்டுத்தான் போகிறேன். அவள் பேசுவது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காது கொடுத்துக் காத்திருக்கிறேன்.

கமலாவும் நானும் சேர்ந்து துணி உலர்த்துகிறோம், சப்பாத்தி இடுகிறோம். அவள் நல்லவள். எனக்கென்று தனியாக நெய் தடவி ஒன்று எடுத்து வைக்கிறாள். அவளிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை ஒவ்வொரு நாளும் தொண்டை வரை கொண்டுவந்து விழுங்கிவிடுகிறேன். கடைசி நேரத்தில் நீ என்னைக் கூப்பிட்டாயா?

இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்பது ஒரு பயம். ஆனால் கூப்பிட்டாள் என்று சொன்னாலும் எனக்கு ஆறாது. நீ என்னைக் கூப்பிட்ட அந்தக் குரலைக் கேட்டவள் அவள்தானே, அக்கா. நான் இல்லையே.