கரண்ட் காரின் கதவு

இஞ்சாருங்கோ,

நான் ஷிப்டுக்குப் போறன். புட்டும் மீன்குழம்பும் அடுப்பில இருக்கு. ஆரணியைப் பள்ளிக்கூடத்தால பஸ்ஸில கூட்டிவாங்கோ. கரண்ட் கார் விக்கிற ஆள் பின்னேரம் வருவார். அவசரப்பட்டு ஓம் எண்டு சொல்லிடாதேங்கோ.

பெற்றோல் வேண்டாம், சத்தமில்லை, வீட்டு பிளக்கிலயே சார்ஜ் பண்ணலாம், எல்லாம் சரிதான். ஆனா நேற்று அந்தக் காரை ஓடிப் பாக்கேக்க, வளைவில ஆரணி இருந்த பக்கத்துக் கதவு தானாத் திறந்தது. நான் பிள்ளையை இழுத்துப் பிடிக்கிறன், நீங்கள் பற்றரியைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்கிறீங்கள். கோயிலில நாலு சில்லுக்கும் கீழ தேசிக்காய் வைச்சு நசிச்சா அந்தப் பூட்டு இறுகிடுமோ?

கௌரி

பி.கு.: நேற்று நான் அந்தக் கதவைப் பற்றிச் சொன்ன கோவத்தில எங்கட வாசல் கதவை அடிச்சுச் சாத்தினீங்கள். அந்தக் காரின்ர கதவையும் ஒருக்கா அப்பிடிச் சாத்திப் பாருங்கோ. கைப்பிடி கழண்டு கையோட வராட்டில், நானே ஓம் எண்டுறன்.