இடம் மாறிய இரண்டு அட்டைகள்

மார்ச் 3, திங்கள்

இந்தப் பக்கத்தைப் படிக்கப்போகும் ஒரே பிரமுகரான எனக்கு மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்வது: இன்று காலை எட்டு மணி ஒன்பது நிமிடத்தில் எனக்கு அடையாள அட்டை வழங்கப்பட்டது. படத்தில் ஒரு கண் மூடியிருக்கிறது. மற்றபடி விழா சிறப்பாக நடந்தது.

பள்ளியில் கடைசி வருடம். எங்கள் சிறப்பு வகுப்பிலிருந்து இரண்டு பேரை நான்கு வார வெள்ளோட்டத்துக்குச் சலவை நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் வெளுக்கும் இடம். எனக்கு முன்மேசை. தொலைபேசி எடுக்க வேண்டும், மூட்டைக்குச் சீட்டு எழுத வேண்டும். என் கால்கள் பிறந்ததிலிருந்தே விடுப்பில் இருப்பதால் வாய்தான் ஓவர்டைம் பார்க்கிறது.

இன்னொருவன் கடிகாரம்; பெயர் நான் வைத்தது. மணி பார்த்துச் சாப்பிடுவான், மணி பார்த்துச் சிரிப்பான், பேசுவது மட்டும் எப்போதாவது. அவனுக்கு உள்ளறையில் விரிப்பு வேலை.

மார்ச் 5, புதன்

பயிற்சி டீச்சர் கடிகாரத்தின் மேசைக்கு மேலே நான்கு பட அட்டைகளை மாட்டினார். எடு. உலர்த்து. மடி. அடுக்கு. அட்டை சொன்னால் அவன் அச்சு பிசகாமல் செய்கிறான்.

முதல் வாரம் டீச்சர் அவன் பக்கத்தில் நிற்பாராம். அடுத்த வாரம் வாசலில். மூன்றாவது வாரம் வெளியறையில்.

"நாலாவது வாரம் டீச்சர்?"

"வீட்ல உக்காந்து காபி குடிப்பேன். நான் தேவைப்படாம போறதுதான்டா என் வேலையே."

மார்ச் 11, செவ்வாய்

கடிகாரத்தின் அப்பா வந்தார். மகன் மடிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஸ்கூல் முடிஞ்சா இவன் நாள் பூரா சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பானோன்னு பயம் தம்பி. இது நிலைச்சிட்டா போதும்."

"நான் எதுக்கு இருக்கேன் அங்கிள்? அவனை நான் பாத்துக்கறேன்."

மார்ச் 18, செவ்வாய்

இன்று ஒரு கைவரிசை. தேநீர் நேரத்தில் யாரும் இல்லாதபோது, நீள ஸ்கேலால் நெம்பி, 'உலர்த்து' அட்டையையும் 'மடி' அட்டையையும் இடம் மாற்றி மாட்டினேன். வந்து எப்படி முழிக்கிறான் பார்ப்போமே என்று. அதற்குள் தொலைபேசி அடித்தது. பிறகு மூன்று வண்டி மூட்டை.

பல் துலக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. யாராவது கவனித்திருப்பார்கள்.

மார்ச் 19, புதன்

யாரும் கவனிக்கவில்லை. அவன் முழிக்கவும் இல்லை. ஈர விரிப்பை மடித்து, மடித்ததை அப்படியே உலர்த்தியில் போட்டு, மேல்பக்கம் காய்ந்ததும் அடுக்கிவிட்டான். நாற்பது விரிப்பு. காலையில் பிரித்துப் பார்த்த விடுதிக்காரர் நாற்றம் தாங்காமல் கத்தினார். தொலைபேசியை எடுத்தது நான்தான்.

எடுத்த கையோடு உள்ளறைக்குப் போய் அட்டைகளைப் பழையபடி மாட்டிவிட்டேன். அதன் பிறகுதான் மேலாளர் அம்மாவிடம் புகாரைச் சொன்னேன்.

ஏன் அப்படிச் செய்தேன்?

"அட்டைல இருந்துச்சு" என்றான் கடிகாரம். மேலாளர் அட்டையைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. "பொய் வேற சொல்றியா?" என்றார். "அட்டைல இருந்துச்சு." அதையே ஒன்பது முறை சொன்னான்.

"இவனுக்கு இது சரிப்பட்டு வராது டீச்சர். வெள்ளிக்கிழமையோட நிறுத்திக்கலாம்."

நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20, வியாழன்

அவன் இன்று அட்டைகளைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு விரிப்புக்கும் டீச்சர் முகத்தைப் பார்க்கிறான். டீச்சர் மறுபடி அவன் பக்கத்திலேயே நிற்கிறார்.

சொல்லித் தொலையேன்டா. சொன்னா என்ன, என்னையும் அனுப்பிடுவாங்க, அவ்வளவுதானே — அவ்வளவுதானா?

மார்ச் 21, வெள்ளி

சொல்லிவிட்டேன். சிங்கம் போல மேலாளர் அறைக்குள் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு போய், நெஞ்சை நிமிர்த்தி, ஒரே மூச்சில், குரல் பிசிறாமல். அறையே ஸ்தம்பித்தது.

மார்ச் 28, வெள்ளி

கடிகாரத்துக்கு ஒன்றாம் தேதியிலிருந்து நிரந்தர வேலை. மேலாளர் அவனிடமே மன்னிப்புக் கேட்டார். அவன் "மணி பத்தாச்சு" என்று மடிக்கப் போய்விட்டான். எனக்கு இன்னும் ஒரு மாதம் வெள்ளோட்டம், உள்ளறைக்குள் போகத் தடை. அவன் அப்பாவிடமும் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருக்கலாம்.

இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை எழுதியது அத்தனையும் அளப்பு. அறை வாசலிலேயே அழுகை வந்துவிட்டது. சக்கரத்தில் விரல் மாட்டிக்கொண்டது என்று நினைத்து மேலாளர் ஓடி வந்து, "எங்கடா வலிக்குது?" என்று பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். விக்கலுக்கு நடுவே டீச்சர்தான் ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கினார். ஒரே மூச்செல்லாம் இல்லை. இருபது நிமிடம் ஆயிற்று. கையில் அகப்பட்ட விடுதித் துண்டில் மூக்கைச் சிந்திவிட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த மேலாளர் முதலில் சொன்னது: "அந்தத் துண்டை இங்க வைக்காத. துவைக்கப் போடு."

போட்டேன். சீட்டும் நானே எழுதினேன்.