டெஸ்டர் வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் பாப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை மனசு வரவில்லை. கேள்வியாகவே விடுகிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதம் போன வாரம் வந்தது. நாள் முழுக்க கீபோர்டைத் தட்டுகிறவளுக்குப் பேனா பிடித்துப் பழக்கமே விட்டுப்போய்விட்டது. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். போனில் எதுவும் அனுப்பாதே, கடிதமாக எழுது, பக்கத்து வீட்டு டீச்சர் பெயருக்குப் போடு என்று சொல்லியிருந்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்.

கடைசியில், தாளில் இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து ஒரு வரி எழுதியிருந்தாய். "சும்மாதான் கேக்கறேன், ஒன்பது வருஷம் வேலையை விட்டவளுக்கு இப்பல்லாம் இடம் குடுப்பாங்களா?" நீ சும்மா எதையும் கேட்கிறவள் இல்லை. அதனால் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று ஒரே வரியில் பதில் எழுதி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன். இந்த வருஷம் எனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். நீ ஸ்பீக்கரில் போட்டு, அத்தானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் போனில் பேச முடியவில்லை.

எங்கள் டீமை மூடிவிட்டார்கள். கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம் அல்லவா, அதைப் புதிதாக வாங்க ஆளில்லை என்று ஆகிவிட்டது. ஒரு நாள் மதியம் மேனேஜர் ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். உள்ளே போனவர்கள் வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் மேஜையைக் காலி செய்தார்கள். என் முறை வந்தபோது, "உதவி மையத்துல ஒரு சீட் இருக்கு. வேணும்னா அதுல இருங்க. இல்லேன்னா வெளிய பாத்துக்கங்க" என்றார்.

புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவளை உதவி மையத்தில் உட்கார வைப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். வாடிக்கையாளர் போனில் திட்டுவார். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, புகாராக எழுதி, புரோகிராமர்களுக்கு அனுப்ப வேண்டும். நேற்றுவரை எனக்கு வந்துகொண்டிருந்த புகார்களை இனிமேல் நான் அனுப்ப வேண்டும். சரி என்று சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால், "போன் எடுக்கறதுக்கா இத்தனை படிச்சே?" என்று கேட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே என்னவோ போலாகி, என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆரம்பத்தில் ஹெட்செட்டைக் கழற்றினாலும் காதுக்குள் யாரோ கத்திக்கொண்டே இருப்பது போல இருக்கும். ஒரு கடைக்காரர் ஸ்கிரீன் கறுப்பாக இருக்கிறது என்று நெடுநேரம் சண்டை போட்டார். கடைசியில் பார்த்தால் அவர் கடையில் கரண்டே இல்லை. இன்னொரு அம்மா பாஸ்வேர்டை மறந்ததற்கு என்னைத் திட்டினார். திட்டி முடித்ததும் அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. "பாத்தியா, உன்கிட்ட பேசினதும் வந்திடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

போகப் போக ஒன்று பிடிபட்டது. இவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. கையில் இருந்த வேலை கெட்டுப்போன பயத்தில் கத்துகிறார்கள். கொஞ்சம் விட்டுப்பிடித்தால் அவர்களே விஷயத்துக்கு வருவார்கள்.

அப்படிக் கத்தியவர்களில் ஒருவர், ஒரு மருத்துவமனையின் வரவேற்பில் இருக்கும் அம்மா. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் சின்ன மருத்துவமனை அது. எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த மெஷின் என்று பதிவு செய்யும் மென்பொருள் எங்களுடையது. "பேரைப் பதிஞ்சேன், இப்ப பாத்தா காணோம். உங்க கம்ப்யூட்டர் ஆளையே முழுங்குது" என்பார். நான் புகாரை அனுப்புவேன். மென்பொருளில் கோளாறு இல்லை, அவர் சேமிக்க மறந்திருக்கிறார் என்று எழுதி புரோகிராமர் அதை மூடிவிடுவான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் மேஜையில் வைத்துப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

ஒரு நாள் காலை அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது. "இன்னைக்கு நான் கத்தறதுக்குக் கூப்பிடலைம்மா" என்று ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் முந்தின நாள் சிகிச்சைக்கு வந்திருக்கிறார். அவர் பெயர் பதிவில் இல்லை. மெஷின்கள் எல்லாம் நிரம்பியிருந்ததால் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூச்சு முட்டி, அவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். "பொழைச்சுக்குவார்னு டாக்டர் சொல்றாரு. ஆனா நான் பதிஞ்சேன்மா. சத்தியமா பதிஞ்சேன்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்கா, நான் அந்தக் குரலை நம்பினேன். அதையும் ஒரு புகாராக எழுதி அனுப்பினால் மறுபடி மூடிவிடுவார்கள் என்று தெரியும். எழுந்து நேரே மேனேஜரிடம் போய், அந்த மருத்துவமனைக்கு நான் போக வேண்டும் என்றேன்.

"அங்க போய் என்ன செய்யப் போறீங்க? உங்க வேலை போன் எடுக்கறது" என்றார்.

"அவங்க பக்கத்துல ஒரு நாள் உக்காந்து பாக்கறேன் சார். ஒண்ணும் இல்லேன்னா அதை என் லீவுல கழிச்சுக்கங்க" என்றேன்.

போனேன். அந்த அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் ஒரு பெயரைப் பாதி அடித்திருப்பார், வாசலில் ஒரு கார் வந்து நிற்கும். இறங்குகிறவரால் நிற்க முடியாது. இவர் ஓடிப்போய் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து, அவரை உட்கார வைத்து, வார்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார். திரும்பி வரும் வழியில் இரண்டு பேர் எதையாவது கேட்டு நிறுத்துவார்கள். வந்து உட்கார்ந்தால் ஸ்கிரீன் தானாகப் பூட்டிக்கொண்டு பாஸ்வேர்டு கேட்கும். போட்டுத் திறந்தால் புதுப் பக்கம் வரும். முன்னே அடித்தது பதிவாகிவிட்டது என்று நினைத்து அடுத்த பெயருக்குப் போவார். பாதியில் விட்ட பெயர் எங்கேயும் இருக்காது. எங்கள் ஆபீசில் யாரும் வேலைக்கு நடுவில் எழுந்து சக்கர நாற்காலி தள்ளுவதில்லை. அதனால் இது யார் கண்ணிலும் பட்டதில்லை.

திரும்பி வந்து மீட்டிங்கில் சொன்னேன். புரோகிராமர் பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "டெஸ்டிங்ல பாஸ் ஆன விஷயம் இது" என்றான். டெஸ்டிங்குக்குத் தலைவியாக ஒரு மேடம் இருக்கிறார், பெரிய கண்ணாடி போட்டவர், அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், அவருக்கும் தெரியும். அவர் ஸ்கிரீனில் ஒரு பெயரைப் பாதி அடித்துவிட்டு, "வாங்க, எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார். குடித்துவிட்டு வந்து திறந்தோம். பெயர் இல்லை. பிறகு மேடம், "பாஸ் போட்டது என் டீம்தான். எழுந்து போனா என்ன ஆகும்னு நாங்க யோசிக்கலை" என்றார்.

அப்படியானால் தானாகப் பூட்டுவதை எடுத்துவிடலாம் என்றான் புரோகிராமர். சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் துள்ளிக் குதித்தார். "நோயாளி விவரம் திறந்த ஸ்கிரீன்ல கிடந்தா என் தலைதான் உருளும். பூட்டுல கை வைக்காதீங்க" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த மீட்டிங்கில் ஆளுக்கு ஒரு நியாயம் இருந்தது. கடைசியில் ஸ்கிரீன்களை வரைகிற டிசைனர் பெண்தான் வழி சொன்னாள். பூட்டு பூட்டட்டும், ஆனால் பாதியில் விட்டதைக் கீழே போடாமல் பிடித்து வைத்திருக்கட்டும், திறந்ததும் மேலே மஞ்சள் பட்டையில் "இந்தப் பதிவு இன்னும் முடியவில்லை" என்று காட்டட்டும் என்றாள். புரோகிராமர் வீம்புக்கு இல்லாமல் உண்மையாகவே உட்கார்ந்து எழுதினான். பூதக்கண்ணாடி மேடம் அதைத் திரும்பத் திரும்ப உடைத்துக் காட்டினார். அவன் திரும்பத் திரும்பச் சரிசெய்தான்.

அதைக் கொண்டுபோய் மருத்துவமனையில் போட்டபோது நானும் போயிருந்தேன். அந்த டிரைவர் மெஷினுக்குப் பக்கத்தில், முகத்தில் செய்தித்தாளைக் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். வரவேற்பு அம்மா என்னைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லி, வாயில் விரல் வைத்துக்காட்டினார்.

அதற்குப் பிறகு மேனேஜர் என்னை உதவி மையத்திலிருந்து எடுத்து வேறு வேலை கொடுத்தார். பிசினஸ் அனலிஸ்ட் என்று பெயர். மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வந்து, எழுதுகிறவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்ப இனிமே போன் எடுக்க வேண்டாமா?" என்றாள். எடுக்கத்தான் வேண்டும் என்றேன். "அப்ப என்னதான் மாறுச்சு?" என்று கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மாறியிருக்கிறது அக்கா, இல்லை என்று சொல்ல மாட்டேன். நீ கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்த சோதனைகளில் பாதியை இப்போது இன்னொரு புரோகிராமே செய்துவிடுகிறது. அதை எழுத நீ கற்றுக்கொள்ள வேண்டும். சில மாதம் தலை வலிக்கும். உன்னைவிடச் சின்னவர்களிடம் சந்தேகம் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் நடுவில் எழுந்து போனால் என்ன ஆகும் என்று யோசிக்க இன்னும் ஆள்தான் வேண்டும். நீ டெஸ்டராக இருந்தபோது, லிஃப்டில் ஏறினால்கூட இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்திப் பார்ப்பாயே, ஒரு தடவை என்னையும் சேர்த்து நடுவில் மாட்டவைத்தாயே, அந்தப் புத்தி எங்கேயும் போயிருக்காது. எது எப்போது உடையும் என்று முன்கூட்டியே பார்த்து நடப்பது இத்தனை வருஷத்தில் உனக்கு இன்னும் கூர்மையாகத்தான் ஆகியிருக்கும். இதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுதவில்லை.

பூதக்கண்ணாடி மேடத்தின் டீமில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. உன்னைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது வருஷ இடைவெளிக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். "எதுவும் எழுத வேண்டாம். இத்தனை நாள் என்ன செஞ்சிட்டு இருந்தாங்கன்னு நான் கேக்க மாட்டேன். ஒரு ஸ்கிரீனைக் குடுத்து, இதுல என்ன தப்புன்னு கேப்பேன். அவ்வளவுதான்" என்றார். இதற்கு முன்னால் இரண்டு பேரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். உனக்கும் கிடைக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இது கிடைக்காவிட்டால் வேறு கம்பெனியில் தேடலாம், நானும் கூட இருப்பேன்.

உதவி மையத்தில் இருந்தபோது சில பெண்கள் எங்கள் மென்பொருளுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைத் தணிந்த குரலில் கேட்பார்கள். என் போனை வேறு யாராவது பார்த்தால் எனக்குத் தெரியுமா என்று. காரணம் கேட்காமல் பதில் சொல்லப் பழகியிருக்கிறேன். உனக்கும் அப்படியே சொல்கிறேன். உன் போனிலோ வீட்டுக் கம்ப்யூட்டரிலோ இந்த வேலையைப் பற்றி எதையும் தேடாதே. டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் கணக்கு திறந்துகொள். பாஸ்வேர்டாக உன் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்றை வை. எங்கேயும் எழுதி வைக்காதே. நேர்காணலை வீடியோவிலேயே முடித்துவிடலாம், மேடம் ஒத்துக்கொண்டுவிட்டார். பாப்பா பள்ளியில் இருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உன் கடிதத்தையும் காட்டவில்லை. ஆனால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றாள். பிறகு, "பாப்பாவோட ஸ்கூல் சர்டிபிகேட்டைக் கையோட எடுத்துக்கச் சொல்லி எழுது" என்றாள். மாடி அறையில் இருந்த பழைய பெட்டிகளையெல்லாம் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டாள். ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீயும் பாப்பாவும் எந்தக் குறையும் இல்லாமல் வந்து சேர வேண்டும். அந்த ஒன்றைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். வேலை கிடைத்த பிறகுதான் வர வேண்டும் என்று இல்லை அக்கா. முன்கூட்டிச் சொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை. நம் வீட்டுக் காலிங் பெல் கெட்டுப்போயிருக்கிறது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவளுக்கு இதைச் சரிசெய்யத் தெரியவில்லையே என்று அம்மா தினம் ஏசுகிறாள். அதனால் பெல்லை அழுத்திவிட்டுக் காத்து நிற்காதே. கதவைத் தட்டு. எந்நேரமானாலும் தட்டு.

என்றும் அன்புடன்,
உன் வாலு